கதவடியில் பூத்த உப்பு: ஒரு ஜீப்புக்கு இரண்டு முறை பெட்லைனர் அடித்த கதை

2024 பிப்ரவரி கடைசி ஞாயிறு. வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது இடதுபக்கப் பின்கதவின் அடியில் சின்னதாக ஓர் உப்பல் கையில் தட்டுப்பட்டது. நகத்தால் நெம்பினேன். பனங்கிழங்குத் தோலை உரிக்கிற மாதிரி ஒரு முழ நீளத்துக்குக் கறுப்புப் பூச்சு கையோடு வந்துவிட்டது. அதன் உள்பக்கம் ஈரம். அந்த ஈரம் விரலில் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்தது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் அடுக்கடுக்காகச் சிவந்து, தொட்டால் உதிர்கிற துரு. ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், உள்ளே போய்விட்டது.

பெட்லைனர் என்கிற சொரசொரப்பான தடித்த பூச்சு அது, துரு பிடிக்கக் கூடாது என்று காசு கொடுத்து அடித்தது. அடித்து இருபது மாதம்தான் ஆகியிருந்தது.

வண்டி 2013 மாடல் டீசல் ஜீப், வெள்ளை. கம்பெனி பேர் வேண்டாம். தூத்துக்குடியில் பத்து வருஷம் வீட்டுக்கும் உப்பளத்துக்குமாக ஓடினால் எந்தக் கம்பெனித் தகடும் இப்படித்தான் ஆகும். எனக்கு உப்பளத்தில் கணக்கு வேலை. பாத்திகளின் ஓரமாகப் போகிற மண்பாதையில் டயர் வாரி அடிப்பது வெறும் சேறு இல்லை, உப்பு நீரில் ஊறிய களி. அது மட்கார்டுக்குள், ஃபுட்போர்டுக்கு அடியில், கதவின் கீழ்ப் பகுதியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கிளாடிங்குக்குப் பின்னால் என்று எங்கெல்லாம் கை போகாதோ அங்கெல்லாம் போய் அப்பிக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு இருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். ஆக, வெயிலில் நிற்கிற வண்டியிலும் அந்த இடுக்குகள் ஒருநாளும் காய்வதில்லை.

முதல் பூச்சு

2022 ஜூனில் ஒரு ஒர்க்ஷாப்பில் வண்டியைக் காலையில் விட்டு, சாயங்காலம் எடுத்து வந்தேன். கதவடி, மட்கார்டு, ஃபுட்போர்டு எல்லாம் சொரசொரவென்று கறுப்பாக, பார்க்க ஜோராக இருந்தது. 'ரப்பர் கோட்டிங், அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல' என்றார்கள். வேலை நடந்தபோது நான் பக்கத்தில் இல்லை. என்ன நடந்திருக்கும் என்பதைப் பூச்சை உரித்தபோதுதான் ஒவ்வொன்றாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

முதலாவது, கிளாடிங்கைக் கழற்றவே இல்லை. அது இருந்தபடியே இருக்க, அதன் மேலும் ஓரத்திலும் அடித்திருக்கிறார்கள். கிளாடிங்குக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த இடைவெளி மேலே திறந்தும் கீழே அடைத்தும் ஒரு பை மாதிரி ஆகியிருந்தது. கழற்றியபோது ஒவ்வொரு கதவிலிருந்தும் ஒரு சிரட்டை அளவுக்கு ஈர மண் கொட்டியது.

இரண்டாவது, கதவின் அடி மடிப்பில் இருக்கிற வடிகால் ஓட்டைகளையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். மழைத் தண்ணீர் கதவுக்குள் போகவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கண்ணாடி ஓர ரப்பர் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். இறங்கி, அடியில் உள்ள ஓட்டை வழியாக வெளியே போய்விடும். கதவு அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் வண்டியில் இறங்கியது, போகவில்லை.

மூன்றாவதை நான் கண்டுபிடித்தது தற்செயலாக. அந்த ஒர்க்ஷாப்பில் வண்டி கழுவுவது போர் தண்ணீரில். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. வீட்டில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்து, போர் தண்ணீர் ஒரு சொட்டு, குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் ஒரு சொட்டு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தேன். டிஸ்டில்டு வாட்டர் இருந்த இடம் தெரியவில்லை. ஆற்றுத் தண்ணீர் லேசாக ஒரு வளையம் போட்டிருந்தது. போர் தண்ணீர் சொட்டு காய்ந்த இடத்தில், கோலமாவில் புள்ளி வைத்த மாதிரி வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தது. அந்தத் தூளின் மேல்தான் என் 'அஞ்சு வருஷ' பூச்சு உட்கார்ந்திருந்தது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், எந்தப் பூச்சும் நீராவியை நூறு சதவீதம் தடுப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகத்தான் செய்யும். அடியில் உப்பு இருந்தால் அது அந்த நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். இழுக்க இழுக்கக் கொப்புளம் பெரிதாகும், பூச்சு தகட்டை விட்டு எழும்பும். அப்புறம் அது பாதுகாப்பு இல்லை, தண்ணீர்ப் பை.

இதற்கு மேல் 2023 டிசம்பர் வெள்ளம் வேறு. 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள்; காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. எங்கள் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் ஃபுட்போர்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. வெள்ளத்தால்தான் கதவு போச்சு என்று முதலில் நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் இரண்டு மாதத்தில் தகடு அந்த அளவுக்கு அரிக்காது. அரிப்பு முன்னமே நடந்து முடிந்திருந்தது. வெள்ளம் அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான்.

எதை வாங்குவது

பெட்லைனர் என்ற பேரே நம் ஊர் சாமான் இல்லை. பிக்கப் வண்டியில் சாமான் ஏற்றும் தொட்டியை அமெரிக்காவில் பெட் என்பார்கள். அதைக் கீறலிலிருந்து காக்க முதலில் பிளாஸ்டிக் தட்டை வார்த்து உள்ளே இறக்கினார்கள். தட்டு அசைந்து அசைந்து பெயின்டைத் தேய்த்தது, இடையில் தண்ணீர் நின்றது, தொட்டி அடியில் துருப்பிடித்தது. என் கிளாடிங் கதையேதான். அதற்கு மாற்றாகத் தகட்டோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி தெளிக்கும் பூச்சுகள் வந்தன. ரைனோ லைனிங்ஸ் 1988இலும் லைன்-எக்ஸ் 1993இலும் அங்கே தொடங்கிய கம்பெனிகள். தொட்டிக்கு அடித்ததைப் பிறகு பம்பர், மட்கார்டு, கதவடி என்று வெளிப் பாகங்களுக்கும் அடிக்க ஆரம்பித்தார்கள்.

கடையில் எல்லாவற்றையும் 'லைனர்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் டப்பாவுக்குள் இருப்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது. மலிவாகக் கிடைக்கிற தார்-ரப்பர் கலவை முழுசாக இறுகாது. டீசல் பட்டால் இளகும். வண்டியின் அடிப்பக்கத்துக்கு அது போதும், கண்ணில் படுகிற, கால் படுகிற இடத்துக்கு ஆகாது. எனக்கு 2022இல் அடித்தது அதுதான். ரோலரில் உருட்டுகிற ஒற்றை டப்பா சரக்கு இருக்கிறது. ரப்பர் துகள் கலந்து, காற்றின் ஈரத்தைக் குடித்து இறுகும். தொட்டி போன்ற சமதளத்துக்கு நல்லது, மட்கார்டு வளைவில் உருட்டினால் திட்டுத்திட்டாக நிற்கும். இன்னொரு கோடியில் பாலியூரியா. இரண்டு திரவத்தை 65 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, 2000 பிஎஸ்ஐ பக்கத்தில் அழுத்தம் கொடுத்து, கன் முனையில் கலந்து அடிக்கிறார்கள். சில விநாடிகளில் உறைந்துவிடும், ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை கனமாக ஏற்றலாம். அதற்கான மெஷின் உள்ள இடத்துக்குத்தான் வண்டியைக் கொண்டுபோக வேண்டும். தவிர, கதவு மடிப்பில் இரண்டு மில்லிமீட்டர் ஏறினால் கதவு சாத்தாது.

நடுவில் இருப்பதுதான் எனக்குச் சரிப்பட்டது: இறுகவைக்கும் ஹார்ட்னரைக் கலந்து அடிக்கும் 2கே, அதாவது இரண்டு பாகப் பாலியூரித்தேன். இந்த வகையில் ஊர் அறிந்த பேர் யூ-போல் கம்பெனியின் ராப்டர். சாதாரண 2 எச்பி கம்ப்ரஸர் போதும், கன் கிட்டோடு கிடைக்கும். தொழிற்சாலைப் பெயின்ட் நூற்றைம்பது மைக்ரானுக்குள் இருக்கும் என்றால் இது இரண்டு கோட்டில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வரும். இதிலும் ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: சரக்கு அலிபாட்டிக் வகையா, அரோமாட்டிக் வகையா என்று. அரோமாட்டிக் மலிவு, உறுதியிலும் குறைவில்லை, ஆனால் வெயிலில் வெளுத்து மாவு பூக்கும். வெளிப் பாகத்துக்கு அலிபாட்டிக்தான். கடைக்காரருக்கே இது தெரியாமல் இருக்கலாம். எனக்குச் சரக்கு விற்றவருக்குத் தெரியவில்லை. கம்பெனித் தாளை வாங்கி நானே பார்த்துக்கொண்டேன்.

அளவு பார்த்தேன். கதவடிப் பட்டை இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றேகால் சதுர மீட்டர். ஃபுட்போர்டு மேலும் கீழும் ஒன்றரை. முன்பின் பம்பர் ஒன்று. நான்கு மட்கார்டின் உள்வளைவும் விளிம்பும் மூன்றரை. கிளாடிங் ஒன்றரை. ஆக எட்டே முக்கால். நான்கு பாட்டில் கிட் ஒன்று இரண்டு கோட்டுக்குச் சுமார் பத்து சதுர மீட்டர் போகும் என்று போட்டிருந்தது. சரியாக இருக்கும் என்று ஒன்றே வாங்கினேன். சரியாக இருந்தது, ஆனால் ஒரு பாட்டில் தவறினால் ஊரில் மாற்று இல்லை என்கிற பயத்தோடு.

எதற்கு அடிக்காமல் விடுவது

இதில்தான் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. அக்கா மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். 'மாமா, அடிக்கிறதுதான் அடிக்கீங்க, பானட்டுல இருந்து டாப் வரைக்கும் முழுசா அடிச்சுருங்க. மாஸா இருக்கும்' என்று இரண்டு நாள் போனில் பிடித்துக்கொண்டான்.

முழு வண்டியும் கறுப்பானால் ஆர்.சி.யில் நிறத்தை மாற்ற வேண்டும், இன்சூரன்சுக்கும் சொல்ல வேண்டும். அது ஒரு பக்கம். எனக்குப் பெரிய காரணம் வேறு. சொரசொரப்பான பூச்சைப் பாலிஷ் போட முடியாது, இடி வாங்கினால் டிங்கரிங் செய்து பட்டி போட்டுப் பழைய சொரசொரப்போடு பொருத்தவும் முடியாது. அகற்றுவது அதைவிடக் கஷ்டம். இறுகிவிட்டால் தின்னருக்கு மசியாது. ஆகவே கல்லும் களியும் அடிக்கிற இடுப்புக்குக் கீழே மட்டும் என்று முடிவு செய்தேன்.

அதிலும் விலக்கு உண்டு. வடிகால் ஓட்டைகள், கதவுக் கீல், நட்டு போல்ட், சஸ்பென்ஷன், பிரேக், சைலன்சர் பக்கம் சரக்கு போகக் கூடாது. சேசிஸ் நம்பர் பொறித்த இடம் கட்டாயம் வெளியே தெரிய வேண்டும். பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது அதைப் பார்ப்பார்கள், பென்சிலால் தேய்த்து எடுக்கக் கேட்பார்கள். பார்க்கிங் சென்சார் உள்ள பம்பர் என்றால் சென்சார் முகத்தில் ஒரு துளிகூடப் படக் கூடாது. என் வண்டிக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

சேசிஸுக்கும் அடிக்கவில்லை. பழைய சேசிஸில் துரு எங்கே முளைக்கிறது என்று கண்ணில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கும் கதவுக்கு உட்புறத்துக்கும் மெழுகு கலந்த எண்ணெய்தான். அது அழுக்கு சேர்க்கும், வருஷா வருஷம் திரும்ப அடிக்க வேண்டும், பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் இடுக்கில் ஊர்ந்து போகும், எதையும் மறைத்துவைக்காது.

எட்டு நாள் தேய்ப்பு, ஒரு நாள் அடிப்பு

வேலைக்கு மில்லர்புரம் பக்கம் கொட்டகை வைத்திருக்கும் பெயின்டர் அண்ணாச்சியைப் பிடித்தேன். அறுபதைத் தொட்டவர். நாற்பது வருஷமாகக் கன் பிடிக்கிறார். மாசி கடைசியில் தொடங்கினோம். ஆடிக்கு விட்டால் தேரிக்காட்டுச் செம்மண் காற்றில் வந்து ஈரப் பூச்சில் உட்கார்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. வருஷத்தில் எங்களுக்குக் கிடைப்பது இந்தக் கொஞ்ச நாள்தான்.

கிளாடிங், ஃபுட்போர்டு, பம்பர், மட்கார்டு லைனிங் எல்லாம் கழற்றினோம். பழைய பூச்சைச் சுரண்ட மூன்று நாள். இடது பின்கதவின் அடி, வலது ஃபுட்போர்டுக்கு மேலே ஒரு சாண் நீளம் என்று இரண்டு இடத்தில் தகடு ஓட்டை. டிங்கர் அதை வெட்டி எடுத்து 20 கேஜ் தகடு வைத்து வெல்டு வைத்தார். ஓட்டையில் பட்டியை அப்பி மேலே பூசிவிடலாம் என்று சொல்கிற ஆட்கள் உண்டு. பட்டி தண்ணீரைக் குடிக்கும். கதவு ஓரத்தில் அது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

மிச்சத் துருவைக் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்து, பிறகு 80 நம்பர் எமரி. குழிக்குள் கறுப்பாக நிற்கிற துரு எதற்கும் அசையாது. அதற்குப் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவி, காயவிட்டு, கழுவினோம்.

அண்ணாச்சிக்கு இங்கேதான் பொறுமை போயிற்று.

'தம்பி, இதுக்கு மேல ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, அதுக்கு மேல உம்ம லைனரு. போதாதா?'

'போன தடவை அப்படித்தானே அண்ணாச்சி அடிச்சாங்க.'

உரித்துப் போட்டிருந்த கதவுத் தோலைக் காலால் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கிரைண்டரை எடுத்துக்கொண்டு வலதுபக்கம் போய்விட்டார்.

கழுவியது முழுக்க ஆற்றுத் தண்ணீரில். வீட்டிலிருந்து குடம் குடமாகக் கொண்டுபோனேன். கொட்டகையில் இருந்தது போர். உப்பு போய்விட்டதா என்று பார்க்க ஒரு வீட்டு வைத்தியம் செய்தேன். ஆர்.ஓ. மெஷினோடு கொடுத்த, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் அலமாரியில் சும்மா கிடந்தது. டிஸ்டில்டு வாட்டரில் பஞ்சை நனைத்து, உள்ளங்கை அளவு தகட்டைத் துடைத்து, அந்தப் பஞ்சை மறுபடி அதே தண்ணீரில் கால் டம்ளர் ஊற்றிப் பிழிந்து மீட்டரை வைத்தேன். முதல் கழுவலுக்குப் பிறகு 140 காட்டியது. மூன்றாவது கழுவலுக்குப் பிறகு 22. கடைசியாக ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டரை ஸ்ப்ரேயரில் அடித்துத் துடைத்ததும் 9. கப்பல் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு இதற்கென்றே முறையான சோதனை உண்டு. இது அதற்கு ஈடாகாது. ஆனால் 140க்கும் 9க்கும் உள்ள தூரம் எனக்குப் போதுமாக இருந்தது.

அப்புறம் எபாக்சி பிரைமர் இரண்டு கோட். உண்மையில் துருவைத் தடுக்கிறது இதுதான். மேலே அடிக்கிற லைனர் இந்தப் பிரைமரைக் கல்லிலிருந்தும் செருப்புக் காலிலிருந்தும் காப்பாற்றுகிறது. இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் எதற்கு எவ்வளவு நேரம் செலவழிப்பது என்பது தானாகத் தெரியும். பிரைமர் இறுகியதும் 240 நம்பரில் லேசாக மங்கலடித்தோம்.

கிளாடிங் வேறு ஜாதி. திருப்பிப் பார்த்தால் பின்னால் பிபி-ஈபிடிஎம் என்று அச்சு இருக்கும். அந்த பிளாஸ்டிக்கில் எதுவும் ஒட்டாது. பூச்சைப் பிடித்துக்கொள்ள வைக்கும் அட்ஹீஷன் புரோமோட்டர் என்று ஒன்றை முதலில் அடிக்க வேண்டும். சின்ன ஸ்ப்ரே டப்பா ஒன்று வாங்கியிருந்தேன். கடைசித் துண்டு பாதியில் இருக்கும்போது தீர்ந்துவிட்டது. 'இவ்வளவுதானே, விடும்' என்றார் அண்ணாச்சி. விட்டேன்.

அடிக்கிற நாள்

காலை ஆறரைக்குக் கொட்டகையில் காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 90. அந்த நிலையில் பனி விழும் வெப்பநிலை 23 டிகிரி. தகட்டில் கையை வைத்தால் சில்லென்று ஈரம் ஒட்டியது. தகடு அந்த வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூட இருந்தால்தான் அடிக்கலாம் என்பது பொது விதி. இந்த ஹார்ட்னருக்குத் தண்ணீர் ஆகாது. ஈரம் பட்டால் கரியமில வாயுவை விட்டுக் குமிழி போடும். கம்ப்ரஸர் டேங்கின் அடி வால்வைத் திறந்தேன். அரை டம்ளர் தண்ணீர் வந்தது. அதுவும் கன் வழியாகத்தான் போயிருக்கும்.

ஒன்பதரைக்குக் காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 65, தகடு 29. இனி ஆரம்பிக்கலாம்.

அதற்கு முன் மாஸ்க் சண்டை. அண்ணாச்சி வழக்கம்போலத் துண்டை மூக்கில் கட்டினார். இந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. பெயின்டர்களுக்குத் தொழிலால் ஆஸ்துமா வருவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அது. வாசனை தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் ஏற்கெனவே வரம்பு தாண்டியாயிற்று. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு துளி பட்டாலே மூச்சு அடைக்கும். வெளிக்காற்றைக் குழாயில் கொடுக்கும் மாஸ்க்தான் முறை. என்னால் முடிந்தது புதுக் கார்ட்ரிஜ் போட்ட இரட்டைக் குப்பி மாஸ்க், கண்ணாடி, நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, மூன்று பக்கமும் திறந்த கொட்டகை.

'நாப்பது வருசமா அடிக்கேன். எனக்கு என்ன ஆச்சு?'

டீ கொண்டுவந்த அவர் வீட்டம்மா டம்ளரை வைத்துக்கொண்டே கேட்டார்: 'ராத்திரி உக்காந்து உக்காந்து மூச்சு இளைக்கிறது யாராம்?'

மாஸ்க்கைப் போட்டுக்கொண்டார்.

பாட்டிலில் 750 மில்லி சரக்கு. கோடு வரைக்கும் 250 மில்லி ஹார்ட்னர் ஊற்றி, மூடி, இரண்டு நிமிஷம் நன்றாகக் குலுக்க வேண்டும். பாட்டிலை அப்படியே கன்னில் திருகி மாட்ட வேண்டியதுதான். கலந்த சரக்குக்கு ஆயுள் சுமார் ஒரு மணி நேரம். நம் வெயிலில் அதைவிடக் குறைவு. காற்றழுத்தம் 50 பிஎஸ்ஐ, முக்கால் கை தூரம். அழுத்தம் கூடினால் பொடிமணல் மாதிரி வரும், குறைந்தால் கம்பு உதிர்த்த மாதிரி பெரிசாக விழும். அட்டையில் நாலைந்து தடவை அடித்துப் பார்த்த பிறகுதான் அண்ணாச்சி கதவுப் பக்கம் திரும்பினார். அப்புறம் பார்க்க வேண்டுமே! மட்கார்டு உள்வளைவில் கை போன சீரைப் பார்த்தால், எட்டு நாள் முணுமுணுத்ததெல்லாம் மறந்துபோகும்.

இடதுபக்கம் இரண்டு கோட்டும் பதினொன்றேகாலுக்குள் முடிந்தது. கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே மாஸ்கிங் டேப்பை உரித்தோம். விளிம்பு கத்தியால் வெட்டிய மாதிரி வந்தது. வலதுபக்கம் முதல் கோட் முடிந்து, இரண்டாவதுக்கு மூன்றாம் பாட்டிலைக் கலந்து குலுக்கியாயிற்று. கம்ப்ரஸர் பெல்ட் அறுந்தது.

அண்ணாச்சி டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு பெல்ட் வாங்கப் போனார். வந்து மாட்டும்போது பன்னிரண்டரை. பாட்டில் கையில் வெதுவெதுப்பாக இருந்தது, குலுக்கினால் கெட்டித் தயிர் மாதிரி அசைந்தது. வெயில் கொட்டகைக்குள் இறங்கி வலது பின்கதவின் மேல் விழுந்திருந்தது. தகடு 47 டிகிரி. அந்த பாட்டிலைத் தூரப் போட்டிருக்க வேண்டும், அல்லது மறுநாள் காலை நாலாவதை வைத்து முடித்திருக்க வேண்டும். இருப்பது ஒரு கிட். அடித்தோம். பசி வேறு, டேப்பை உரிக்காமலே சாப்பிடப் போய்விட்டோம். சாயங்காலம் உரித்தபோது விளிம்பு எலி கடித்த மாதிரி பிய்ந்து வந்தது.

நான்கு நாள் வண்டியைத் தொடவில்லை. ஒரு வாரத்துக்கு உப்பளப் பக்கமே கொண்டுபோகவில்லை. செலவில் கிட் பாதிக்கும் குறைவு. மிச்சமெல்லாம் தேய்ப்புக் கூலியும் டிங்கரிங்கும் பிரைமரும்.

இருபது மாதம் கழித்து

முதல் பூச்சு உரிந்தது இருபதாவது மாதத்தில் என்பதால் இரண்டாவதையும் அதே கணக்கில், 2025 நவம்பரில், கிளாடிங்கைக் கழற்றிப் பார்த்தேன்.

இடது கதவடியில் ஒரு கொப்புளம் இல்லை. ஃபுட்போர்டில் தினமும் ஏறி இறங்குகிறோம். ஓரத்தில் ஓர் இடத்தில் கல் பட்டு லைனர் பெயர்ந்திருந்தது, அடியில் பிரைமர் சாம்பல் நிறத்தில் முழுசாக இருந்தது. மட்கார்டு உள்வளைவு அடித்த அன்று இருந்த மாதிரி. முன்பம்பர் நிறம் கொஞ்சம்கூட வெளுக்கவில்லை.

வலது பின்கதவு அப்படி இல்லை. நாலு விரற்கடை அகலத்துக்கு ஊசி குத்தின மாதிரி துளைகள். சிலவற்றின் அடியில் பழுப்பாக ஒரு வடிசல். சூடான தகட்டில் பாதி இறுகிய சரக்கை அடித்தால் மேல்தோல் முதலில் மூடிக்கொள்ளும். உள்ளே மாட்டிய கரைப்பானும் வாயுவும் துளை போட்டுக்கொண்டு வெளியே வரும். பெல்ட் அறுந்த முக்கால் மணி நேரத்தின் கணக்கு அந்த நாலு விரற்கடையில் அப்படியே எழுதியிருந்தது. கிளாடிங்கின் கடைசித் துண்டிலும் புரோமோட்டர் தீர்ந்த இடத்திலிருந்து பூச்சு நாடா மாதிரி உரிந்து தொங்கியது. எந்த இடத்தில் தீர்ந்தது என்று விரலால் கோடு போட்டுக் காட்டலாம்.

எதிர்பாராத தொந்தரவும் ஒன்று உண்டு. சொரசொரப்பில் உப்பு தங்குகிறது. வழவழப்பான பெயின்டில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் வழிந்துவிடும். இதற்கு பிரஷ் போட வேண்டும். வாரம் ஒருமுறை, ஆற்றுத் தண்ணீரில். கழுவாமல் விட்டால் கறுப்பின் மேல் உப்பு பூத்து, வண்டி விபூதி பூசின மாதிரி நிற்கும்.

வலது பின்கதவைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அண்ணாச்சி ஹீட் கன் வைத்து இளக்கிச் சுரண்டினார். உள்ளங்கை அளவு இடத்துக்கு அரை நாள். பிரைமர் வைத்து, சின்ன பாட்டிலில் கலந்து அடித்ததில் பழைய சொரசொரப்போடு சேரவில்லை. ஒட்டுப்போட்ட இடம் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும். இந்தத் தடவை காலை பத்து மணிக்கே அடித்து முடித்துவிட்டோம். டேப்பை அவரே ஈரத்தில் உரித்தார். மாஸ்க்கைப் போடச் சொல்லவில்லை, தானாகவே போட்டுக்கொண்டார்.

நவம்பர் மழை ஒன்று ஓய்ந்த மறுநாள் நான்கு கதவின் அடி ஓட்டையிலும் ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தேன். மூன்றில் குச்சி தடையில்லாமல் போய் வந்தது. இடது முன்கதவில் மட்டும் எதிலோ முட்டியது. திருகி இழுத்தேன். ஒரு விரல் கனத்துக்குச் செம்மண் விழுந்தது, அதன் பின்னால் அரைச் செம்பு தண்ணீர் கொட்டி நின்றது.